ஆறாத நாற்காலி

ஆலடிக்குளம் தொழிற்பேட்டையில், தங்கரதம் நாற்காலிக் கம்பெனியின் மூன்றாம் நம்பர் மிஷினிலிருந்து ஆனி மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில் இறங்கிய நாற்காலிகள் ஆறவில்லை. மற்றபடி அவற்றில் சொல்லும்படியான குறை எதுவும் கிடையாது. நான்கு கால், இரண்டு கை, முதுகில் தேர்ச்சக்கரம் போல ஓட்டை விட்ட அலங்காரம், செங்கல் நிறம் எல்லாம் எப்போதும் போலத்தான் இருந்தன. ஆறுவது மட்டும் நடக்கவில்லை.

அந்தத் தொழிலின் உயிரே ஆறுவதில்தான் இருந்தது. சவ்வரிசி மாதிரி மூட்டையில் வந்து இறங்கும் பாலிபுரொப்பிலீன் மணிகளை மிஷினின் தலைமேல் இருக்கும் தொட்டியில் கொட்டினால், அவை உள்ளே சுழலும் பெரிய திருகாணியில் சிக்கி உருண்டு, இருநூறு டிகிரிக்கு மேல் வெந்து, பாகாக இளகி, இறுக மூடிய இரும்பு அச்சுக்குள் ஒரே மூச்சில் பாய்ந்து, காலுக்கும் கைக்கும் முதுகுக்கும் ஓடி நிறைந்து, அச்சுக்குள் ஓடும் குளிர்ந்த தண்ணீரால் கெட்டிப்பட்டு, அச்சு வாய் திறக்கும்போது நாற்காலியாக வெளியே வரும். பாய்வதற்குக் கொஞ்ச நேரம் போதும். மிச்ச நேரமெல்லாம் ஆறுவதற்கு. பொறுமை இல்லாமல் எடுத்தால் கால் கோணிப்போகும். எடுத்த பிறகும் ஒரு நாள் பூரா அது ஆறி ஆறிச் சுருங்கும். அந்தச் சுருக்கத்தை முன்கூட்டியே நினைத்துத்தான் அச்சையே கொஞ்சம் பெரிதாக வெட்டியிருப்பார்கள். தண்ணீரில் போட்டால் மிதக்கும், ஒரு சொட்டும் குடிக்காது. உடைந்தால் அரைத்து, உருக்கி, மறுபடி நாற்காலியாக்கலாம். இவ்வளவு சாதுவான பொருள் உலகத்தில் வேறு இல்லை என்று அந்தப் பேட்டையில் எல்லாரும் நம்பியிருந்தார்கள்.

தரம் பார்க்கும் வேலையில் இருந்த இசக்கியம்மாள்தான் அதை முதலில் கண்டுபிடித்தாள். அடுக்கி வைத்து ஒரு நாள் கழிந்த நாற்காலியின் மேல் கை வைத்தவள் சட்டென்று எடுத்துக்கொண்டாள். சுட்டதனால் இல்லை. யாரோ இவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்து, இவள் வருவதைப் பார்த்து எழுந்து போனது போன்ற வெதுவெதுப்பு. திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை.

சூப்பர்வைசர் பிச்சையா தண்ணீர்க் குழாயைக் கழற்றி ஊதிப் பார்த்தார். குளிர்விக்கும் மிஷினுக்கு எலுமிச்சம்பழம் வெட்டி வைத்தார். ஆறும் நேரத்தைக் கூட்டினார்; இன்னும் கூட்டினார். நாற்காலி உறுதியாக, நேராக, உடம்புச் சூட்டோடு வந்துகொண்டே இருந்தது. மணல் மூட்டையை ஏற்றிப் பார்த்தார்கள், தாங்கியது. உயரத்திலிருந்து போட்டுப் பார்த்தார்கள், துள்ளி நின்றது. பிசிறு, குழி, கோணல், நிறைவாகாத கால் என்று நாற்காலிக்கு வரக்கூடிய குறைகளின் பெயரெல்லாம் இசக்கிக்கு மனப்பாடம். வெதுவெதுப்பு என்று ஒரு குறையை அவளுக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை.

"பாஸா, ரிஜெக்டா? ஒண்ணு சொல்லு பிள்ள" என்றார் பிச்சையா.

"தெரியலையே அண்ணாச்சி."

"படிச்ச பிள்ள நீயே தெரியலைன்னா நான் எங்க போயி முட்டுவேன்?"

அவர்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் அவள்தான். அவளுடைய அம்மா காலையிலிருந்து பொழுது சாய்கிற வரை இலையும் தூளும் பரப்பிய சுளகை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து பீடி சுற்றுகிறவள். உட்கார்ந்து உட்கார்ந்தே முதுகு வளைந்துபோனவள். மகளுக்கு இந்த வேலை கிடைத்தபோது தெரு முழுக்க, "எம் மவளுக்கு நாற்காலி உத்தியோகம்" என்று சொல்லிவிட்டு வந்தாள். "ஃபேனுக்குக் கீழயாட்டி உக்காந்திருப்ப?" என்று கேட்டாள். இசக்கிக்குப் பொய் வராது. "ஃபேன் இருக்கும்மா" என்றாள்.

ஃபேன் இருந்தது. நாற்காலியும், கூரை தொடும் அளவுக்கு, இருந்தது. ஆனால் மிஷின் ஓடும் இடத்தில் யாரும் உட்காரக் கூடாது. உட்கார்ந்தால் கண் சொருகும், கண் சொருகினால் மிஷின் காத்துக்கிடக்கும் என்பது முதலாளி ஆவுடையப்பனின் சித்தாந்தம். முன்பு மூலையில் ஒரு பிளாஸ்டிக் முக்காலி கிடந்தது. அதை ஒருநாள் அரவை மிஷினில் போட்டு, மணியாக்கி, மாவு என்று அவர்கள் சொல்லும் புது மணிகளோடு கலந்துவிட்டார். அதற்குப் பிறகு, நாள் முழுக்க நாற்காலி செய்கிறவர்கள் நாள் முழுக்க நின்றார்கள். இசக்கி நிலையாக நிற்கவும் மாட்டாள். மிஷினுக்கும் அடுக்குக்கும் நடுவே அலைந்துகொண்டே இருப்பாள். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. ஒரு தவறான நாற்காலி வெளியே போய்விடுமோ, ஒரு சரியான நாற்காலியைத் தள்ளிவிடுவோமோ என்று அவளுக்கு உள்ளங்கை எப்போதும் வேர்த்துக்கொண்டே இருக்கும்.

முதலாளி வந்தார், தொட்டார், யோசித்தார். தள்ளுபடி விலையில் பந்தல் வாடகைக்கடை மைதீன் பாய்க்கு மொத்தமாக ஏற்றிவிட்டார்.

பாய் அதை ஒரு கல்யாணத்துக்குப் போட்டார். அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் எழுந்த இடத்தில் சூடு ஆறுமுன் அடுத்தவர் உட்காரமாட்டார். உட்கார்ந்தால் மூலம் வரும், கட்டி வரும், போனவருடைய கவலையும் கூடவே ஒட்டிக்கொள்ளும். பஸ்ஸில்கூட சீட்டைத் துண்டால் நாலு தட்டு தட்டிவிட்டுத்தான் உட்காருவார்கள். கல்யாணத்துக்கு வந்தவர்கள் ஒவ்வொரு நாற்காலியாகக் கை வைத்துப் பார்த்துவிட்டு நகர்ந்தார்கள்.

"ஆள் இருக்கோ?"

"இருக்காவ போல. சூடா இருக்கே."

"எங்க போயிருக்காவ?"

"கை கழுவப் போயிருப்பாவ. வருவாவ."

மண்டபம் முழுக்க நாற்காலி காலியாகக் கிடக்க, சனம் பூரா சுவரோரம் நின்றது. மாப்பிள்ளையின் பெரியப்பா முகூர்த்தம் வரை பொறுத்துப் பார்த்துவிட்டு வெடித்தார். "சம்பந்தகாரன் நான் நிக்கேன். இத்தனை நாற்காலியும் யாருக்குவே போட்டு வச்சிருக்கீரு? உம்ம வீட்டு ஆள்களுக்கா?" பெண்ணின் அப்பா அழாத குறையாக மைதீன் பாயைத் தேடி ஓடினார். பாய் எல்லாருக்கும் முன்னால் ஒரு நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து, "பாருங்க, ஆள் இல்ல, நாந்தான் இருக்கேன்" என்று காட்டினார். அவர் எழுந்த பிறகும் அது அதே வெதுவெதுப்பில் இருந்தது. அதற்குப் பிறகு அவருக்கு எது வந்தாலும் அந்த நாற்காலியால் வந்தது என்றார்கள்.

அடுத்த நாள் ஒரு துக்க வீடு. பாயிடம் வேறு நாற்காலி இல்லை. இறந்துபோன மனிதரின் மகள் சென்னையிலிருந்து தாமதமாக வந்து சேர்ந்தாள்; அதற்குள் உடலை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கண்ணில் ஒரு சொட்டு வராமல் வாசலில் விறைத்து நின்றவள், பிடிமானத்துக்காக ஒரு நாற்காலியைத் தொட்டாள். தொட்டவள் அப்படியே குனிந்து அதைக் கட்டிக்கொண்டு, "அப்பா இப்பத்தான் எழும்பிப் போயிருக்காவ, இப்பத்தான் எழும்பிப் போயிருக்காவ" என்று கதறினாள். அந்த நாற்காலியைத் திருப்பி வண்டியில் ஏற்ற அவள் விடவில்லை.

அது எழும்பிப் போனவர்களின் சூடுதான் என்று ஆகி, அதோடு ஊருக்குப் பாதை தெரிந்துவிட்டது.

ஆடி பிறப்பதற்குள் தங்கரதம் கம்பெனியின் வாசலில் கூட்டம் நின்றது. கணவனைப் பறிகொடுத்தவர்கள், பிள்ளையை வளைகுடாவுக்கு அனுப்பிவிட்டு வீட்டில் முழித்துக்கொண்டிருந்தவர்கள், பொண்டாட்டி கோபித்துப் போன ஒரு தபால்காரர், எல்லாரும் வந்தார்கள். அடுக்குகளுக்கு நடுவே நடந்து, ஒவ்வொன்றாகக் கை வைத்து, "இது இல்லை, இது இல்லை" என்று தள்ளி, கடைசியில் ஒன்றின் முன்னால் நின்றுவிடுவார்கள். அதன் கையில் ஒரு முழம் பூவோ நூலோ கட்டிவிட்டுப் போனால் அது அவர்களுடையது. ஊர் அதற்கென்று நடைமுறைகளையும் உண்டாக்கிக்கொண்டது. வாசலைப் பார்க்கப் போட வேண்டும். ஒன்றின்மேல் ஒன்றை அடுக்கக் கூடாது, மூச்சு முட்டும். காலையில் காபி வைக்கலாம், ஆனால் சீனி எவ்வளவு என்று வீட்டில் சண்டை போடக் கூடாது. ஒரு வீட்டில் மாமியாருக்கென்று மகன் வாங்கிவந்த நாற்காலியை மருமகள் கிணற்றடியில் வைத்துக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிப் பார்த்து, அது ஒரு சொட்டும் குடிக்காமல் வெதுவெதுவென்றே இருந்ததால், "செத்தும் எடத்த விட்டு எழும்ப மாட்டேங்காவளே" என்று குடத்தைப் போட்டு உடைத்தாள். பள்ளிக்கூடத்து அறிவியல் வாத்தியார், பிளாஸ்டிக் சூட்டை எளிதில் கடத்தாது, அதனால்தான் இப்படி என்று ஒரு வாரம் எல்லாருக்கும் விளக்கினார். அடுத்த வாரம் ஒரு சாயங்காலம் குடைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு வந்து, இறந்துபோன தம்பிக்காக ஒன்று வாங்கிப் போனார். ஒரு கட்சியின் ஆட்கள் மொத்தமாகக் கேட்டார்கள். கூட்டத்துக்கு ஆள் வராவிட்டாலும், வந்துவிட்டுப் போனதாகச் சொல்லிக்கொள்ளலாம்.

தள்ளுபடி போய், சாதா நாற்காலியைவிட இரண்டு பங்கு விலை வந்தது. ஆவுடையப்பன் இப்போது வேறு விதமாகக் கவலைப்பட்டார். "எதையும் மாத்தாதீரும்வே" என்று பிச்சையாவிடம் சொன்னார். "அதே மாவு, அதே தண்ணி, அதே ஆளு. சூடு கொறையப்படாது." 'சூடு சரி' என்று ஒரு முத்திரை செய்து இசக்கியின் கையில் கொடுத்தார். வெப்பமானி வைத்துப் பார்த்தால் எல்லா நாற்காலியும் ஒரே அளவு காட்டின; காய்ச்சல் இல்லாத மனிதனின் சூடு. அதைத்தான் அவள் வந்தவர்களிடமும் சொன்னாள்.

"எல்லாம் ஒரே சூடுதான் அக்கா. எதை எடுத்தாலும் ஒண்ணுதான்."

யாரும் நம்பவில்லை. "உனக்கு அப்படித்தான் இருக்கும் தாயி, உனக்கு இன்னும் யாரும் போகலையே" என்றார்கள். ஆனால் அந்தப் பிள்ளை பொய் சொல்லாது என்ற பெயரும் அவளுக்கு ஊரில் வந்துவிட்டது. அவள் கை வைத்து முத்திரை குத்திய நாற்காலியென்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கினார்கள். அது அவளைத் தின்றது. எதற்குச் சாட்சி சொல்கிறோம் என்று தெரியாமல் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தாள். யாருடைய சூடு? கேட்டுக்கொண்டே, முத்திரையை வலக்கையிலிருந்து இடக்கைக்கும் இடக்கையிலிருந்து வலக்கைக்கும் மாற்றிக்கொண்டே நடந்தாள். மாதக் கடைசியில் நிரந்தர உத்தரவு தருவதாக முதலாளி சொல்லியிருந்தார்.

மூன்றாம் நம்பர் மிஷினில் நிற்பவள் ஜெபக்கனி. கதவைத் திறந்து, நாற்காலியை எடுத்து, அடியில் தொப்புள் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் துண்டைக் கத்தியால் சீவி, அடுக்கிவிட்டு, கதவை மூடுவாள். மூடினால்தான் மிஷின் அடுத்த நாற்காலிக்குப் புறப்படும். மூட நேரமானால் கூவத் தொடங்கிவிடும். பிள்ளை பெறப் போன நாட்கள் தவிர மற்ற நாளெல்லாம் அவள் அங்கேதான் நின்றாள். கெண்டைக்காலில் நரம்பு அவரைக்கொடி மாதிரி முறுக்கிக்கொண்டு ஏறியிருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், பிச்சையா சாப்பிடப் போயிருந்த நேரம், மிஷினுக்குப் பக்கத்தில் பூக்கட்டி நிறுத்தியிருந்த ஒரு நாற்காலியில் ஜெபக்கனி சரிந்து உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா! எழும்புங்க. யாராவது பாத்துருவாவ."

"ரெண்டே நிமிசம் பிள்ள. முட்டு ரெண்டும் 'நான் உன்னோட ஆளே இல்ல'ங்கு."

"அது வேற ஒருத்தவ புடிச்சு வச்சது அக்கா. செண்பகவல்லி மைனி, செத்துப்போன வீட்டுக்காரருக்குன்னு. நாளைக்கு எடுக்க வருவாவ."

"அவுக மாப்பிள்ளை கோவிச்சுக்கிட மாட்டாரு. நல்ல மனுசன். நான் மடியிலயா உக்காந்தேன்?" என்று சிரித்தவள், சிரிப்பு நின்று, கண்ணை மூடி, நெடிய மூச்சு ஒன்று விட்டாள். அப்புறம் கதவை மூடச் சொல்லி மிஷின் கூவியதும் எழுந்துகொண்டாள்.

இசக்கி வழக்கப்படி கை வைத்தாள். நாற்காலி குளிர்ந்திருந்தது. மண்பானைத் தண்ணீரைத் தொட்டது போல உள்ளங்கை சில்லிட்டது.

அவள் ஜெபக்கனியை இன்னொன்றில் உட்காரவைத்துப் பார்த்தாள், அதுவும் ஆறியது. பாலித்தீன் உறை போடும் சுடலிப்பொண்ணை உட்காரச் சொன்னாள், ஆறியது. மாவு மூட்டை தூக்கும் நயினாரை உட்காரச் சொன்னாள். அவர் பயந்து பயந்து பாதி உட்கார்ந்தார், அதற்கே ஆறிவிட்டது. மைதீன் பாய் கல்யாணத்தில் பொத்தென்று உட்கார்ந்தும் ஆறாத நாற்காலி அவள் ஞாபகத்துக்கு வந்தது. மணல் மூட்டை வைத்தார்கள், உயரத்திலிருந்து போட்டார்கள், தண்ணீர் ஊற்றினார்கள். இங்கே நிற்கிறவர்களில் ஒருவரை உட்காரச் சொல்லிப் பார்க்க மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

"நீயும் இருந்து பாரேன்" என்றாள் ஜெபக்கனி.

இசக்கி மாட்டேன் என்று தலையாட்டினாள். ஆறிவிட்டால் தனக்கு விஷயம் தெரிந்துவிடும், தெரிந்த பிறகு அந்த முத்திரையை எப்படிக் குத்துவது என்று பயந்தாள். அன்று சாயங்காலம் பஸ்ஸில் இடம் கிடந்தும் அவள் வீடு வரை நின்றுகொண்டே போனாள்.

மறுநாள் காலையில் செண்பகவல்லி ஆட்டோவோடு வந்தாள். ஐம்பது வயதைத் தாண்டிய மெலிந்த பெண்; நெற்றியில் திருநீறு; கையில் நாற்காலியைப் போர்த்திக் கொண்டுபோக ஒரு துவைத்த வேட்டி. ஆவுடையப்பனே முன்னால் நடந்து கூட்டிவந்தார். பூக்கட்டின நாற்காலியின் மேல் கை வைத்தவள், வைத்த கையை எடுக்காமல் அப்படியே நின்றாள்.

"இது அவுக இல்லையே" என்றாள். "போயிட்டாவளா?"

முதலாளி தொட்டார். முகம் கறுத்தது. "யாரு இதுல இருந்தது?"

ஜெபக்கனி கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். ஆவுடையப்பன் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு இசக்கியிடம் வந்து நின்றார். சட்டைப்பையிலிருந்து ஒரு உறையைப் பாதி உருவிக் காட்டி, திரும்பவும் பைக்குள் தள்ளினார்.

"உன் உத்தரவுதான். காலையிலயே கையெழுத்துப் போட்டுட்டேன். நீ பொய் சொல்ல மாட்டேன்னு ஊரே சொல்லுது. பேரைச் சொல்லு, வாங்கிட்டுப் போ. இருந்த ஆளு இப்பமே வெளிய போயிரணும்."

இசக்கிக்குப் பொய் வராது. உண்மையைச் சொன்னால் ஜெபக்கனி போவாள். சொல்லாமல் நின்றால் உறை போகும், பீடிச் சுளகுக்கு முன்னால் வளைந்த அம்மாவின் முதுகு நிமிராமலே போகும், தெரு முழுக்கச் சொல்லிவைத்த நாற்காலி உத்தியோகம் போகும். கால் இரண்டும் அவளைக் கேட்காமலே இங்கும் அங்கும் இரண்டு நடை நடந்தன. அப்புறம், கொஞ்சம் முன்னால்தான் மிஷினிலிருந்து இறக்கி வைத்திருந்த ஒரு நாற்காலியின் முன்னால் போய் நின்றன.

"பேரைச் சொன்னா உங்களுக்குப் புரியாது மொதலாளி. காட்டுதேன்" என்று சொல்லி அவள் உட்கார்ந்தாள்.

வெதுவெதுப்பு முதலில் தொடையில் ஏறியது. பிறகு இடுப்புக்கு வந்து, முதுகுத் தண்டு வழியாகப் பிடரிக்குப் போய், அங்கிருந்து இறங்கி முழங்காலையும் கெண்டைக்காலையும் குதிகாலையும் ஒவ்வொன்றாகத் தேடிப் போய்ப் பார்த்தது. வெகுநாளாக எங்கோ வைத்துவிட்டுத் தேடிக்கொண்டிருந்த தன் சாமான் தன்னிடமே திரும்பி வந்தது போல அவளுக்குள் எல்லா இடத்திலும் அது போய் அமர்ந்துகொண்டது. அவள் அண்ணாந்து பார்த்தாள். நேர் மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

எழுந்தாள். "தொட்டுப் பாருங்க."

அவர் தொட்டார். சில்லிட்டிருந்தது.

"இது எழும்பிப் போனவுக சூடு இல்ல மொதலாளி. இங்க உக்காராதவுக சூடு. இங்க நிக்கிறவுக யாரு இருந்தாலும் ஆறிரும். அந்த நாற்காலியில யாரு இருந்தான்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா பொய்யும் சொல்லல."

"வாய மூடு" என்று பல்லைக் கடித்தார் ஆவுடையப்பன். வாசலில் நின்ற கூட்டத்துக்கு அது கேட்டுவிட்டதா என்று திரும்பிப் பார்த்தார். கேட்டிருந்தது. எல்லாரும் செண்பகவல்லியைப் பார்த்தார்கள். அவள் அழுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று பிச்சையா இரண்டு அடி தள்ளியே நின்றார். அவளோ வேட்டியை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டிருந்தாள்.

"எங்க வீட்டு ஆளு கல்யாணத்துக்கு முன்னால இருந்தே சவுளிக்கடையில நின்னாவ" என்றாள், யாரையும் பார்க்காமல். "விரிச்சுக் காட்டணும், மடிக்கணும், நிக்கணும். ராத்திரி வந்தா சோறுகூட வேண்டாம்னுட்டுப் பாயில சாய்ஞ்சிருவாவ. வீட்ல நாற்காலின்னு ஒண்ணு வாங்குனதே அவுக போனப்புறம்தான். அவுக எப்பம் உக்காந்தாவ, எழும்பிப் போறதுக்கு? எனக்கு இது தோணவே இல்ல பாருங்க."

பிறகு சுவரைப் பார்த்து நின்ற ஜெபக்கனியின் முதுகைப் பார்த்து, "நீதான் இருந்தியா தாயி?" என்று கேட்டாள்.

ஜெபக்கனி திரும்பினாள். முதலாளி நிற்கிறார் என்பதை மறந்தவள் போல, "ஆமா மைனி" என்றாள்.

"கால் இப்பம் எப்படி இருக்கு?"

"கொஞ்சம் தேவலை."

"அப்பம் சரி. அதையே எடுத்துக்கிடுதேன்."

"தாயி, அது ஆறிப்போனது" என்று முதலாளி பதறினார். "சூடா வேற ஒண்ணு தாரேன், உள்ள வாங்க."

"ஆறினதுதான் வேணும். சூட்டுல நான் எப்படி உக்காருவேன்?" என்று சொல்லி, செண்பகவல்லி பூவை அவிழ்த்துத் தலையில் வைக்காமல் முந்தியில் முடிந்துகொண்டு, வேட்டியை நாற்காலியின் மேல் போர்த்தாமல் தோளில் போட்டுக்கொண்டு, தானே அதைத் தூக்கிப் போய், ஆட்டோவில் ஏற்றுவதற்கு முன் வாசலில் எல்லாரும் பார்க்க இறக்கிவைத்து, சூடு இருக்கிறதா என்று தட்டிப் பார்க்காமல் அதில் உட்கார்ந்தாள்.

வாசலில் நின்ற சனம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. உள்ளே நயினார், மாவு மூட்டையை இறக்கிவைத்துவிட்டு, இந்தத் தடவை முழுதாகவே உட்கார்ந்தார். சுடலிப்பொண்ணு உட்கார்ந்தாள். இசக்கியும் தன் நாற்காலியில் மறுபடி உட்கார்ந்தாள். ஜெபக்கனி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பக்கத்தில் இருந்த ஒன்றை இழுத்துப் போட்டு, காலை நீட்டி, கெண்டைக்காலை நீவிவிட்டபடி உட்கார்ந்தாள். பிச்சையா முதலாளியைப் பார்த்தார், தன் முழங்காலைப் பார்த்தார், மிஷினுக்குப் பின்பக்கம் போனார். அங்கேயிருந்து ஒரு நாற்காலி நகரும் சத்தம் வந்தது. ஆவுடையப்பன் ஒவ்வொரு நாற்காலியாக ஓடி ஓடித் தொட்டார். ஒவ்வொன்றாக ஆறிக்கொண்டே வந்தது. உறை அவருடைய சட்டைப்பையிலேயே பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

மூன்றாம் நம்பர் மிஷின் அச்சைத் திறந்துவிட்டு, எடுக்க ஆள் வரவில்லை என்று கூவத் தொடங்கியது. அந்தச் சத்தம் கேட்டதும் இசக்கியின் கால்கள் வழக்கம்போல எழப் பார்த்தன. அவள் இரண்டு கையாலும் முழங்காலை அமுக்கிப் பிடித்துக்கொண்டாள். மிஷின் மறுபடி மறுபடி கூவியது. யாரும் எழுந்திருக்கவில்லை. திறந்த அச்சுக்குள் தொங்கிய நாற்காலி, எடுக்க யாராவது வருவார்களா என்று பார்த்தபடி கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, பிறகு தானாகவே ஆறத் தொடங்கியது.